சவுரியும் கயிறும் – கடிதம்

வணக்கம் அம்மா,

லண்டனில் வேலை பார்க்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் டேட் மாடர்ன் கலைக்கூடத்தில் பெங்களூர்க் கலைஞர் ஷீலா கௌடாவின் ‘பிஹோல்ட்’ என்ற படைப்பைப் பார்த்தேன். சுவரில் கார் பம்பர்கள் தொங்கின. மனித முடியில் திரித்த கறுப்புக் கயிறு அவற்றைச் சுற்றி இறங்கித் தரையில் குவிந்து கிடந்தது. எனக்குக் குமட்டிவிட்டது. கூட வந்த வெள்ளைக்கார நண்பர்கள் வியந்து நின்றார்கள். ‘தலையின் இழிந்த ம...ர்’ என்று வள்ளுவரே ஒதுக்கிய குப்பையைக் காட்டி நம் நாட்டைக் கேவலப்படுத்துகிறார்களோ என்று தோன்றியது. நாஜிகளின் கொலைமுகாமாக இருந்த ஆஷ்விட்ஸ் மியூசியத்தில் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்த முடியும் நினைவுக்கு வந்தது. நக்கீரர் காலத்திலிருந்து கூந்தலைப் பாடிய மரபு நம்முடையது. இது கலைதானா?

முரளி

அன்புள்ள முரளி,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான் என் அம்மாவின் தகரப்பெட்டியைத் திறந்திருந்தேன். அதனால்தான் உடனே எழுதுகிறேன். பெட்டிக்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் அந்த மூன்று புள்ளிகள். மயிர் என்று முழுதாக எழுத என்ன தயக்கம் தம்பி? குறளைத் துணைக்கு அழைத்துவிட்டு, குறளில் இருக்கும் சொல்லையே மறைக்கிறீர்கள். ‘தலையின் இழிந்த மயிரனையர் மாந்தர் நிலையின் இழிந்தக் கடை’ என்பதில் வள்ளுவர் திட்டுவது நிலை தாழ்ந்த மனிதரை, மயிரை அல்ல. அதே அதிகாரத்தில் ஐந்து குறள் தள்ளிப் போங்கள். ‘மயிர்நீப்பின் வாழாக் கவரிமா’ என்று அதே மயிரை உயிருக்கு நிகராக வைக்கிறார். பாதி உவமையைப் பிடித்துக்கொண்டு ஒரு கலைஞரைக் குப்பை என்று தள்ளியிருக்கிறீர்கள்.

நக்கீரரை விட்டுவிடுவோம், அந்தக் கதையைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. நாட்டுக்குக் கேவலம் என்பதற்கும் என்னிடம் பதில் இல்லை. நண்பர்கள் என்ன நினைப்பார்களோ என்று பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறீர்கள். அப்படி நின்றால் எதையும் பார்க்க முடியாது.

ஆஷ்விட்ஸை இதற்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். 1945 ஜனவரியில் சோவியத் படை உள்ளே போனபோது அங்கே ஏறக்குறைய 7 டன் முடி மூட்டைகளில் இருந்தது. கொல்லப்பட்டவர்களிடமிருந்து பிடுங்கியது. நீங்கள் லண்டனில் பார்த்தது, பிள்ளை பிழைத்தால் தருகிறேன், கடன் தீர்ந்தால் தருகிறேன் என்று வேண்டிக்கொண்டவர்கள் தாங்களாகத் தலை குனிந்து கொடுத்தது. இரண்டும் கறுப்பாக, குவியலாக இருப்பதால் ஒன்றாகிவிடாது.

சரி, குமட்டலுக்கு வருகிறேன். அது பொய் என்று சொல்ல மாட்டேன். சோற்றில் ஒரு முடி கிடந்தால் எனக்கும் தொண்டை அடைக்கும். ஆனால் உங்கள் அருவருப்பு எந்த இடத்தில் தொடங்குகிறது என்று யோசித்துப் பாருங்கள். திருமலைக் கல்யாண கட்டாவில் தினமும் பல ஆயிரம் பேர் முடி இறக்குகிறார்கள். அந்த முடியை நீளவாரியாகப் பிரித்து ஏலம் விடுகிறார்கள். நீள முடி விக்காகவும் எக்ஸ்டென்ஷனாகவும் வெளிநாட்டுக்குப் போகிறது. உங்கள் லண்டன் கடைகளின் கண்ணாடிக்குப் பின்னால் இந்தியக் கோயில் முடி பளபளவென்று தொங்கும்போது நீங்கள் குமட்டி நின்றதில்லை. விக்குக்கு ஆகாத குட்டை முடி இங்கேயே தங்கிவிடுகிறது. அதைக் கயிறாகத் திரிக்கிறார்கள். பெங்களூரில் திருஷ்டி படாமலிருக்க வண்டி பம்பரில் சுற்றுவது அந்தக் கயிறுதான். ஷீலா அதைத் தெருவில் பார்த்தார். 4,000 மீட்டர் கயிற்றையும் 20 பம்பர்களையும் வைத்து 2009-இல் வெனிஸ் பியன்னாலே என்ற கலைக் கண்காட்சிக்காக அந்தப் படைப்பைச் செய்தார். ஆக, ஒரே தலையிலிருந்து இறங்கிய முடி. விலை போனது அழகு, விலை போகாதது அருவருப்பு. இந்தக் கணக்கை உங்களுக்குக் கற்றுக்கொடுத்தது வள்ளுவர் அல்ல, சந்தை.

2004-இல் இஸ்ரேலில் ஒரு மூத்த ரப்பி, அதாவது யூத மதகுரு, கோயில் காணிக்கை முடியில் செய்த விக்கை யூதப் பெண்கள் அணியக் கூடாது என்றார். நியூயார்க்கின் புரூக்ளினில் விக்குகளைத் தெருவில் குவித்து எரித்தார்கள். எரித்ததை நான் ஏற்கவில்லை. ஆனால் அவர்கள் ஒரு கேள்வி கேட்டார்கள்: இது யார் தலையில் இருந்தது, எதற்காக மழித்தார்கள்? முரளி, உங்கள் கடிதம் முழுக்கத் தேடினேன். அந்தக் கேள்வி இல்லை. யார் திரித்தார்கள் என்பதும் இல்லை. விக்குக்கு ஆகாத குட்டை முடியைச் சேர்த்து முறுக்கி 4,000 மீட்டர் ஆக்குவது எத்தனை கைகளின் வேலை!

முடியை வைத்து வேலை செய்யும் எல்லாரையும் நான் கொண்டாடவில்லை. சீனாவில் பிறந்த கு வென்டா, 1993-லிருந்து உலகமெங்கும் சலூன்களில் முடி சேர்த்துப் பெரிய பெரிய திரைகளாகச் செய்தார். மனித குலம் ஒன்று என்கிற பெரிய பேச்சில் ஒவ்வொரு தலையும் காணாமல் போய்விடுகிறது. எனக்கு அது ஒட்டவில்லை. மோனா ஹாட்டூம் வேறு மாதிரி. பெய்ரூட்டில் பிறந்த பாலஸ்தீனர். சீப்பில் வந்த தன் முடியைப் பல ஆண்டுகள் சேர்த்து, சின்னச் சின்ன உருண்டைகளாக உருட்டி, 1995-இல் பெல்ஜியத்தின் கோர்ட்ரெய்க்கில், ஒரு காலத்தில் துறவுபோல் வாழ்ந்த பெண்கள் இருந்த வீட்டின் தரையில் பரப்பினார். உத்தரத்திலிருந்து ஒற்றை ஒற்றை முடியாகத் தொங்கவிட்டார். நடப்பவர் முகத்தில் அது உரசும்.

அந்த உருண்டைகளைப் படத்தில் பார்த்தபோது என் அம்மாவின் விரல்கள்தான் தெரிந்தன. அம்மா தலை வாரி முடித்ததும் சீப்பிலிருந்து முடியை உருவி, ஆள்காட்டி விரலில் சுற்றி, தூ என்று துப்பி ஓட்டு இடுக்கில் செருகுவாள். பக்கத்து வீடுகளில் சிக்கு முடியைப் போட்டு ஊக்கும் எவர்சில்வர் கிண்ணமும் வாங்குவார்கள். அம்மா போட மாட்டாள். மாதம் ஒரு முறை இடுக்கிலிருந்து எடுத்து ஒரு மஞ்சள் பையில் சேர்ப்பாள். டைபாய்டு வந்து கொத்துக் கொத்தாகக் கொட்டிய முடியும் அதில்தான். எங்கள் தெருவுக்கு வரும் ஒரு கிழவியிடம் பையைக் கொடுத்தாள். கிழவி திண்ணையில் உட்கார்ந்து இரண்டு பகல் முழுக்கச் சிக்கெடுத்து, வேர்ப்பக்கத்தை ஒன்றாகச் சேர்த்து, கறுப்பு நூலால் கட்டிச் சவுரி செய்து கொடுத்தாள். கூலி நான்கு படி நெல். வீட்டுக்குள் கூப்பிடவில்லை. தண்ணீரைக்கூடத் தனிச் சொம்பில்தான் கொடுத்தோம்.

என் கல்யாணத்துக்கு அம்மா அந்தச் சவுரியை வைத்துத்தான் தன் தலையைப் பின்னினாள். அதற்குள் அவள் தலை நரைத்திருந்தது. பின்னலின் மேல்பாதி வெள்ளை, கீழ்ப்பாதி முப்பது வயதுக் கறுப்பு. சாயம் பூசச் சொன்னோம், கேட்கவில்லை. “ரெண்டும் என் மயிருதானே” என்றாள். புள்ளி வைக்காமல்.

அம்மா இறந்த அன்று சவுரியையும் கூட வைத்து அனுப்பச் சொன்னார்கள். நான் கொடுக்கவில்லை. அந்தக் காலையில் பெட்டியில் எடுத்துப் பார்த்தேன். எண்ணெய் வாசனை போய்விட்டது. முடி கொஞ்சம் செம்பட்டை பாய்ந்திருக்கிறது. கிழவி போட்ட கட்டு மட்டும் ஒரு சுற்றுகூட நெகிழவில்லை. நாற்பது வருஷம் ஆகிறது. அவள் பெயர் என்னவென்று எங்கள் வீட்டில் யாரும் கேட்கவில்லை. நானும்தான்.

அன்புடன்.