பிற்கால ரோமானியத் தங்கக் காசை எப்படி இனங்காண்கிறார்கள்?

பிற்கால ரோமானியத் தங்கக் காசு என்றால் பெரும்பாலும் ‘சாலிடஸ்’தான். ரோமானியப் பேரரசர் கான்ஸ்டன்டைன் அறிமுகப்படுத்தியது. ஒரு ரோமானிய ராத்தல் பொன்னுக்கு 72 காசுகள். ஒன்று ஏறத்தாழ 4.5 கிராம்.

முகத்தைப் பார்த்து ஆளைச் சொல்லிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். ஐந்தாம் நூற்றாண்டுக் கிழக்கு ரோமானியக் காசுகளில் எந்தப் பேரரசருக்கும் ஏறக்குறைய ஒரே முகம், அதே தலைக்கவசம், தோளில் அதே ஈட்டி. சுற்றியுள்ள பெயரைத்தான் எழுத்தெழுத்தாகப் படிக்க வேண்டும். பின்பக்கத்தில் காசு அடித்த ஊரின் குறி இருக்கும்: உருவத்தின் இருபுறமும் ‘ஆர்’, ‘வி’ என்றிருந்தால் இத்தாலியின் ரவென்னா. அடியில் ‘ஓபி’ என முடிவது தூய பொன் என்பதற்கான குறி, நம் நகைகளில் 916 இருப்பதைப் போல.

காசுப் பட்டியலில் எடை, விட்டத்தோடு, காசில் உருவத்தைப் பதிக்கும் அச்சையும் ஒப்பிட்டுப் பதிவார்கள். அச்சு கையால் செதுக்கியது. ஓரம் உடைந்த ரப்பர் ஸ்டாம்ப் எல்லாத் தாளிலும் அதே உடைசலைப் பதிப்பதைப் போல, ஓர் அச்சின் கீறல் அதில் அடித்த காசுகளில் தொடரும். தெரிந்த அச்சுகள் சிலவே என்றால் வெளியீடு சிறியது. 472இல் சில மாதங்களே ஆண்ட மேற்கு ரோமானியப் பேரரசர் ஒலிப்ரியஸின் காசுகள் அரியவை.

அடியில் ‘கோன்ஓபி’ என்றிருந்தாலே கிழக்குத் தலைநகரான கான்ஸ்டான்டினோபிளில் அடித்த காசு என்று பலர் முடிவுகட்டுகிறார்கள். அது போதாது: மேற்கே ஆண்ட கோத்து மன்னர்களும் கிழக்குப் பேரரசர் அனஸ்தாசியஸ் பெயரில் அதே எழுத்துகளோடு காசு அடித்தார்கள்.