ஆட்ரா மெக்டொனால்ட் எதைக் கைவிட்டார்?

கேள்வி: நியூயார்க்கின் ஜூலியார்ட் பள்ளியில் முறையாகச் செவ்வியல் இசை பயின்ற சொப்ரானோ (பெண் குரல்களில் மிக உயர்ந்த ஸ்தாயி) பாடகி ஆட்ரா மெக்டொனால்ட், வசனத்தையும் பெரும்பாலும் பாட்டாகவே பாடும் செவ்வியல் நாடகமான ஆப்பெராவைக் கைவிட்டு, நியூயார்க்கின் வணிக நாடக அரங்குகளான பிராட்வேயின் இசை நாடகங்களுக்குப் போய்விட்டார். மலிவான புகழுக்காக அரிய குரலை வீணடித்தார் என்று சொல்லலாமா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: சொல்லக் கூடாது. பிராட்வேயில் வாரத்துக்கு 8 காட்சிகள். ஆப்பெராவில் முக்கியப் பாத்திரம் பாடுகிறவருக்கு இரண்டு காட்சிகளுக்கு நடுவே பெரும்பாலும் ஓரிரு நாள் ஓய்வாவது கிடைக்கும். பிராட்வேயிலோ சில நாட்களில் பகலிலும் பாடி, இரவிலும் பாட வேண்டும்.

மைக் இருக்கிறதே என்பீர்கள். மைக் ஒலியைத்தான் பெருக்கும், சொல்லுக்கு உயிர் கொடுக்காது. ஒலிபெருக்கி இல்லாமல் முழு வாத்தியக் குழுவையும் தாண்டிக் கடைசி வரிசைவரை கேட்கும்படி பாடப் பழகியவர்கள் ஆப்பெராப் பாடகிகள். உச்ச ஸ்தாயியில் அவர்கள் சொல் மங்கினாலும் ரசிகர்கள் பொறுத்துக்கொள்வார்கள். இசை நாடகத்தில் ஒரு வரி புரியாவிட்டால் கதையே அறுந்துபோகும். பேச்சு எங்கே முடிந்தது, பாட்டு எங்கே தொடங்கியது என்று தெரியாதபடி பாட வேண்டும். ஆண்டுக்கணக்கில் ஊறிய உச்சரிப்பை உதறிவிட்டு, மூச்சின் பலத்தை மட்டும் காப்பாற்றிக்கொள்வது லேசான காரியம் அல்ல. நல்ல குரல் உள்ள பலர் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள்.

ஆட்ரா தடுமாறவில்லை. 1993இல் படிப்பு முடிந்தது. 1994இல் 'கரோசல்' நாடகத்துக்காக, பிராட்வேயின் உயரிய விருதான டோனி விருது. அடுத்த டோனி 1996இல், 'மாஸ்டர் கிளாஸ்' நாடகத்துக்கு. அதில் அவர் ஏற்ற வேடம் என்ன தெரியுமா? புகழ்பெற்ற ஆப்பெராப் பாடகி மரியா காலஸாக வரும் பாத்திரத்தின் முன்னால், வெர்டியின் 'மெக்பெத்' ஆப்பெராவிலிருந்து பாடிக்காட்ட வரும் சொப்ரானோ மாணவி! ஜூலியார்டில் கற்றது வீணாகியிருந்தால் அந்த வேடத்தை அவர் தொட்டிருக்கவே முடியாது. 2014இல் ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடேயாக நடித்தபோது தம்முடைய ஒளிமிக்க குரலை முழுக்க மறைத்து, நொந்து தேய்ந்த ஒரு குரலில் பாடினார். என்னைக் கேட்டால், அவருடைய பயிற்சியின் உச்சம் அதுதான். நடிப்புக்காக 6 டோனி விருதுகள் பெற்றவர் இன்றுவரை அவர் ஒருவரே.

ஆப்பெராவைக் கைவிட்டார் என்பதும் சரியில்லை. 2006இல் ஹூஸ்டனில், பூலாங்க் இயற்றிய, ஒரே ஒரு பெண் மட்டும் பாடும் ஆப்பெராவைப் பாடினார். 2007இல் லாஸ் ஏஞ்சலஸ் ஆப்பெராவின் மேடை ஏறினார். இசையமைப்பாளர் ஜார்ஜ் கெர்ஷ்வின் 'போர்கி அண்ட் பெஸ்'ஸை ஆப்பெராவாகவே எழுதி, 1935இல் பிராட்வே அரங்கில் மேடையேற்றினார். அதில் வரும் பெஸ் வேடத்துக்குத்தான் 2012இல் ஆட்ராவுக்கு ஐந்தாவது டோனி கிடைத்தது. அதை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்?