காங்கிரீட் தளத்துக்கு அடியில் மணலா, ஜல்லியா, செங்கல் இடிபாடா? எதைப் போடலாம்?

இந்த மூன்றில் ஒன்று என்றால் ஜல்லிதான். எந்த ஜல்லி என்பது தளம் வெளியில் வருகிறதா, வீட்டுக்குள் வருகிறதா என்பதைப் பொறுத்தது.

வண்டி நிற்கும் வெளித்தளத்துக்கு 20 மி.மீ. ஜல்லியோடு சிறுஜல்லியும் கிரஷர் டஸ்ட்டும் (கல் உடைக்கும்போது வரும் தூள்) கலந்து போடுங்கள். பெரிய கல்லின் இடுக்கைச் சின்னக் கல்லும், மிச்சத்தைத் தூளும் அடைத்துக்கொள்ளும். லேசாக நனைத்து இடித்தால் அசையாமல் இறுகிவிடும். கூழாங்கல் வேண்டாம். உருண்டைக் கல் எவ்வளவு இடித்தாலும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளாது.

வீட்டுக்குள் பாரத்தைவிட ஈரம்தான் தொல்லை. டஸ்ட் கலந்த ஜல்லியின் நுண்ணிய இடுக்குகள் வழியே மண்ணின் ஈரம் மேலேறும், மணலிலும் அப்படியே. தூளே இல்லாத, ஒரே அளவான 20 மி.மீ. ஜல்லியை 100 மி.மீ. கனத்துக்குப் பரப்பினால் இடுக்குகள் பெரிதாக இருப்பதால் ஈரம் ஏற வழியில்லை. ஆனால் ஆவியை ஜல்லி தடுக்காது. அதற்கு மேலே 0.25 மி.மீ.க்குக் குறையாத பாலித்தீன் ஷீட் விரித்து, இணைப்புகளில் ஒன்றின் மேல் ஒன்று 150 மி.மீ. ஏறும்படி வைத்து டேப் ஒட்டுங்கள். கல்முனை ஷீட்டைக் கிழிக்கும் என்று தோன்றினால் அடியில் மெல்லியதாக டஸ்ட் தூவலாம். வினைல், மரத்தரை ஒட்டப்போகிறீர்கள் என்றால் ஷீட்டில் சிக்கனம் கூடவே கூடாது.

மணல் மட்டம் பார்க்க உதவும், அவ்வளவுதான். காங்கிரீட் கொட்டும்போது ஆள் நடந்தாலே பள்ளம் விழும், தளத்தின் கனம் இடத்துக்கு இடம் மாறிவிடும்.

செங்கல் இடிபாடு தண்ணீரை உறிஞ்சும், பாரத்தில் நொறுங்கும். அதில் ஜிப்சம் பூச்சு கலந்திருந்தால் இன்னும் மோசம்: அதிலுள்ள சல்பேட் ஈரத்தோடு சேர்ந்து காங்கிரீட்டை உப்பவைத்து வெடிக்கச் செய்யும். சும்மா கொடுக்கிறார்கள் என்பதற்காக வாங்கிப் போடாதீர்கள். சுத்தமான பழைய காங்கிரீட்டை உடைத்தது என்றால் தாராளமாகப் போடலாம்.

நீங்கள் கேட்காவிட்டாலும் இதைச் சொல்லியாக வேண்டும். பாரத்தைப் பரப்பும் வேலையைத் தளமே பார்த்துக்கொள்ளும். அடித்தளம் எங்கும் ஒரே சீராக இருந்தால் போதும். ஓரிடம் கெட்டி, ஓரிடம் பொதபொத என்றால் அந்த எல்லையில்தான் விரிசல் ஓடும். வேர் கலந்த மேல்மண்ணை முழுக்க வெட்டி எடுங்கள். நனைந்தால் உப்பி, காய்ந்தால் வெடிக்கும் களிமண் என்றால் ஆழமாகத் தோண்டி வேறு மண் நிரப்ப வேண்டும். மேலே எந்த ஜல்லி போட்டாலும் அந்தக் களிமண்ணின் குணம் மாறாது. நிரப்புவதையும் 150 மி.மீ. அடுக்கு அடுக்காக இடியுங்கள். மொத்தமாகக் கொட்டி மேலே மட்டும் இடித்தால் அடிப்பகுதி தளர்வாகவே கிடக்கும்.

பைப் பதித்து மூடிய பள்ளம் ஏதும் இருந்தால் அங்கே கம்பியைக் குத்திப் பாருங்கள். சுற்றியுள்ள தரையைவிட எளிதாக இறங்கினால் மறுபடி தோண்டி இடித்து நிரப்பிவிட்டு ஜல்லி பரப்புங்கள்.