ஹாலிவுட் நடிகர் ஜேம்ஸ் டீன் படத்தில் வருவது போன்ற கலகக்கார இளைஞர்கள் பழைய தமிழ்ப் படங்களில் உண்டா?

உண்டு. ஆனால் கோபம் பிறக்கும் இடம் வேறு.

1955-ல் வந்த 'ரிபெல் வித்தவுட் எ காஸ்' படத்தில் டீன் நடித்த ஜிம்முக்குச் சாப்பாடு, கார் எதிலும் குறைவில்லை. ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, சிந்தியதைக் குனிந்து அள்ளும் அப்பாவை எழுப்பப் பார்த்து, சொல் வராமல் தவிக்கிறான். சமையல்கட்டு வேலை ஆணுக்கு அவமானம் என்கிற அந்தப் பார்வையில் எனக்கு உடன்பாடில்லை; தவிப்பு மட்டும் நிஜம்.

1980-ல் பாலசந்தர் எடுத்த 'வறுமையின் நிறம் சிவப்பு' ரங்கனும் அப்பாவோடு முறைத்துக்கொண்டவன்தான். டெல்லியில் வேலை கிடைக்காமல் அலைகிறான். வயிறு காய்ந்து கிடக்கும்போது, விருந்து சாப்பிடுவதுபோல நண்பர்களோடு வெறும் பாத்திரங்களை உருட்டுகிறான். பாளையங்கோட்டையில் பட்டம் வாங்கிவிட்டு அந்த வருடங்களில் சும்மா இருந்த என் தாய்மாமா, டிவியில் இந்தக் காட்சி வந்தால் இன்றும் எழுந்து திண்ணைக்குப் போய்விடுவார்.

ரங்கன் வாயில் வருவதெல்லாம் பாரதி வரிகள். பாரதி எட்டயபுரத்துக்காரர், திருநெல்வேலி இந்துக் கல்லூரிப் பள்ளியில் படித்தவர். படம் வந்தபோது எட்டயபுரம் நெல்லை மாவட்டத்தில்தான் இருந்தது; தூத்துக்குடி மாவட்டம் பிரிந்தது 1986-ல். ரங்கனின் கலகத்துக்கான மொழி எங்கள் நெல்லைப் பக்கத்துப் பாரதியிடமிருந்தே வருகிறது. எனக்கு இந்தப் படம் இவ்வளவு நெருக்கமாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

பெண்ணின் கலகம் வேண்டுமென்றால் ருத்ரய்யாவின் 'அவள் அப்படித்தான்', 1978. கருப்பு வெள்ளைப் படம். அதில் மஞ்சு யாரிடமும் நல்ல பெயர் வாங்க முயல்வதே இல்லை. முதலில் அதைப் பாருங்கள்.