ஒளு செய்யத் தண்ணீர் (கடிதம்)

அன்புள்ள ஐயா,

சென்ற வாரம் எங்கள் ஊர் கல்யாண மண்டபத்தில் சமய நல்லிணக்கக் கூட்டம் நடந்தது. மூன்று மதத்தவரும் சேர்ந்து குத்துவிளக்கு ஏற்றினார்கள். ‘எல்லா நதிகளும் கடலில்தான் சேர்கின்றன’ என்று மூன்று பேருமே சொன்னார்கள். பொன்னாடை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். எனக்கு வெறுமையாக இருந்தது. இந்த மாதிரிக் கூட்டங்களில் உங்களுக்கு எப்போதாவது ஏதாவது கிடைத்திருக்கிறதா?

ம., கும்பகோணம்

அன்புள்ள ம.,

கிடைத்திருக்கிறது, மேடைக்குப் பின்னால்.

பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். சின்ன ஊர், நானும் ஒரு பேச்சாளன். நதியும் கடலும் அங்கேயும் வந்தன. நானேகூட அதைத்தான் பேசியிருப்பேன். சாமியார் ஒருவர் பேசிக்கொண்டிருந்தபோது பக்கத்துத் தெருப் பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். மஃரிப், சூரியன் மறைந்ததும் தொழும் தொழுகை. அதைத் தள்ளிப்போட அதிக நேரம் கிடையாது. மேடையில் இருந்த இமாம் நெளிந்தார். அதைக் கவனித்த பாதிரியார் எழுந்துபோய், சமையல்கட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் வாளியும் குவளையும் கொண்டுவந்தார். இமாம் ஒளு செய்தார், அதாவது தொழுகைக்கு முன் முகம், கை, கால்களைக் கழுவிக்கொண்டார்; பாதிரியார் தண்ணீர் ஊற்றினார். மேற்கு எந்தப் பக்கம் என்று கேட்டு ஜமுக்காளத்தைத் திருப்பிப் போட்டவன் மைக்செட் பையன். சாமியார் பேச்சை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தார். கூட்டம் முறுக்கு தின்றது. அந்த ஏழெட்டு நிமிடத்தில் பாதிரியாரும் தொழவில்லை, இமாமும் அவரை அழைக்கவில்லை.

எல்லாம் ஒன்றே என்று சொல்வது சுலபம். ஒன்றல்லாதவர்கள் ஒரே கூரையின் கீழ் என்ன செய்வது என்பதுதான் சிக்கல். 1986 அக்டோபர் 27 அன்று இரண்டாம் ஜான் பால் போப், தலாய் லாமா உட்படப் பல சமயத் தலைவர்களை இத்தாலியின் அசிசிக்கு அழைத்தார். பொதுவாக ஒரு பிரார்த்தனை எழுதி எல்லோரையும் சொல்லவைக்கவில்லை. பகல் முழுக்க உபவாசம். ஒவ்வொரு சமயத்தாரும் ஊரில் தனித்தனி இடத்தில் அவரவர் முறைப்படி வேண்டிக்கொண்டார்கள். அப்புறம் மௌனமாக நடந்து வந்து புனித பிரான்சிஸ் ஆலயத்தின் முன்னால் கூடினார்கள். அன்று ஒரு நாளாவது துப்பாக்கிகள் ஓயட்டும் என்று உலகெங்கும் சண்டையிடுவோரை போப் கேட்டிருந்தார். இதற்கே அவருடைய திருச்சபைக்குள் கடும் எதிர்ப்பு. பழைய மரபை விடாத பிரெஞ்சுப் பேராயர் லெஃபெவ்ர் அதை வெளிப்படையாகவே கண்டித்தார்.

காந்தியின் வழி வேறு. அவருடைய பிரார்த்தனையில் கீதை, குர்ஆன், ஜப்பானிய பௌத்த மந்திரம், பார்சிப் பிரார்த்தனை எல்லாம் அடுத்தடுத்து வரும். 1947 ஏப்ரலில், தில்லி வால்மீகி குடியிருப்பில், குர்ஆன் ஓதக்கூடாது என்று கூட்டத்திலிருந்து குரல் எழுந்தது. வந்திருந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு ஆட்சேபம் இல்லை. ஆனாலும் காந்தி அன்றைய பிரார்த்தனையையே கைவிட்டார். ஆட்சேபித்தவரை வெளியேற்றவும் விடவில்லை, குர்ஆனை மட்டும் நீக்கிவிட்டு மற்றதைத் தொடரவும் சம்மதிக்கவில்லை. நாடு எரிந்துகொண்டிருந்த நேரம் அது. அந்தப் பிடிவாதத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு எழுதத் தோன்றும். நதி, கடல் கேட்டால் தூக்கம்தான் வருகிறது.

உங்கள் ஊர்க் குத்துவிளக்கு விஷயம். திரி ஏற்றச் சொன்னபோது மற்ற இருவருக்கும் அதில் சங்கடம் உண்டா என்று யாராவது முன்கூட்டிக் கேட்டார்களா? அடுத்த கூட்டத்துக்கு உங்களை ஏற்பாட்டுக் குழுவில் சேர்த்தால் அதைக் கேட்டுவிடுங்கள். மாலைக் கூட்டமாக இருந்தால் மஃரிப்புக்குப் பத்து நிமிடம் விட்டு நிகழ்ச்சி நிரல் போடச் சொல்லுங்கள். மண்டபத்தில் வாளி இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.