காட்டுயிர் கேள்வி–பதில்: எடுப்பதற்கு முன் கவனியுங்கள்

கேள்வி: மரத்தடியில் ஒரு பறவைக் குஞ்சு கிடக்கிறது. மனிதக் கை பட்டுவிட்டால் தாய்ப் பறவை அதைச் சேர்த்துக்கொள்ளாது என்கிறார்கள். எடுக்கலாமா, அப்படியே விட்டுவிடலாமா?

பதில்: முதலில் அந்தக் குஞ்சின் உடலைப் பாருங்கள். உடலெங்கும் இறகு மூடி, வால் மட்டும் குட்டையாக, தத்தித் தத்திப் போகக்கூடியதாக இருந்தால், அது பெரும்பாலும் கூட்டிலிருந்து தவறி விழுந்த குஞ்சாக இருக்காது. தானாகவே இறங்கி வந்ததாக இருக்கும். மரக்கிளைகளில் கூடு கட்டும் பல சிறு பறவைகளின் குஞ்சுகள், நன்றாகப் பறக்கப் பழகுவதற்குச் சில நாட்கள் முன்பே கூட்டை விட்டுவிடும். தாயும் தந்தையும் தரையிலும் புதரிலும் வந்து அதற்கு இரை ஊட்டும். நீங்கள் அருகில் நிற்கும்வரை அவை கிளையிலேயே தயங்கி உட்கார்ந்திருக்கும் என்பதால், பார்க்கிறவருக்குக் கைவிடப்பட்ட குஞ்சு என்றே தோன்றும். இந்தத் தவறான இரக்கத்தால் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்படும் குஞ்சுகளை நினைத்தால் மனம் கனக்கிறது. பூனையையும் நாயையும் வீட்டுக்குள் வையுங்கள், குஞ்சு நடுப்பாதையில் இருந்தால் பக்கத்துப் புதருக்கு நகர்த்துங்கள், அவ்வளவு போதும்.

இறகு முளைக்காத, கண் திறக்காத குஞ்சு என்றால் நிலைமை வேறு. கூடு எட்டும் உயரத்தில் இருந்தால் மெல்ல எடுத்து அதிலேயே வைத்துவிடுங்கள். கூடு சிதைந்திருந்தால், நீர் வடியத் துளைகள் உள்ள சிறு கூடையில் காய்ந்த புல்லைப் பரப்பி, அதே மரத்தில் கட்டி, குஞ்சை அதில் விட்டுத் தள்ளி நின்று பெற்றோர் வருகின்றனவா என்று பாருங்கள். மனித வாசனை பட்ட குஞ்சைப் பறவைகள் ஒதுக்கிவிடும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை. ஆனால் அதன் அலகில் தண்ணீரோ பாலோ ஊற்றாதீர்கள். மூச்சுக்குழலின் வாய் நாக்கின் அடியை ஒட்டியே இருப்பதால், ஊற்றிய நீர் எளிதாக நுரையீரலுக்குள் போய்விடும்.

கேள்வி: ஆற்று மணலில் ஓர் உப்புக்கொத்தி இறக்கையை இழுத்துக்கொண்டு ஓடியது. பிடிக்கப் போனபோது விலகி விலகிச் சென்று, கடைசியில் பறந்துவிட்டது. அதற்கு உண்மையிலேயே அடிபட்டிருந்ததா?

பதில்: இல்லை. நீங்கள் அதன் முட்டைகளுக்கோ குஞ்சுகளுக்கோ மிக அருகில் போயிருக்கிறீர்கள். தரையில் கூடு வைக்கும் உப்புக்கொத்திகள், இறக்கை முறிந்ததைப் போல் நடித்து எதிரியைத் தம் பின்னால் இழுத்துச் செல்லும். முட்டைகள் கூழாங்கல்லைப் போலவே இருப்பதால் கண்ணுக்கே தெரியாமல் மிதிபட்டுவிடக்கூடும். இனி அப்படிக் கண்டால் காலடியைப் பார்த்தபடி, வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

கேள்வி: புல்வெளியில் காட்டு முயல் குட்டிகளைத் தனியாகக் கண்டேன். வீட்டில் வளர்த்துப் பெரிதானதும் காட்டில் விட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். சரியா?

பதில்: வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். காட்டு முயலின் தாய் பகல் முழுவதும் குட்டிகளிடமிருந்து விலகியே இருக்கும். தன் நடமாட்டம் வேட்டை விலங்குகளுக்குக் குட்டிகள் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடக் கூடாது என்பதே அதன் பயன். இருள் சூழ்ந்தபின் வந்து, சில நிமிடங்கள் பாலூட்டிவிட்டுப் போய்விடும். பல மான் இனங்களும் பிறந்த குட்டியைப் புதரில் படுக்கவைத்துவிட்டுத் தள்ளி மேயும். காயமின்றி அசையாமல் படுத்திருக்கும் குட்டி, தாய் விட்ட இடத்திலேயே காத்திருக்கிறது என்று கொள்ளுங்கள்.

வளர்த்து விடுவதில் இன்னொரு பெரிய சிக்கல் உண்டு. பல உயிரினங்கள் இளம் வயதில் யாரைப் பார்த்து வளர்கின்றனவோ அவரையே தம் இனமாகக் கொள்ளும். ஆஸ்திரிய அறிஞர் கோன்ராட் லோரன்ஸ் 1930களில் வாத்துக் குஞ்சுகளிடம் இதை விரிவாக ஆராய்ந்தார். விலங்கு நடத்தை பற்றிய ஆய்வுகளுக்காக 1973இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களில் அவரும் ஒருவர். கலிஃபோர்னியக் காண்டோர் என்னும் பெரும் பிணந்தின்னிக் கழுகு 1980களில் உலகிலேயே 27 மட்டும் எஞ்சியிருந்த நிலையில், காப்பகத்தில் பொரித்த குஞ்சுகளுக்கு மனித முகம் பழகிவிடக் கூடாது என்று, காண்டோரின் தலையைப் போன்ற கைப்பாவைகளை மாட்டிக்கொண்டு உணவூட்டினார்கள். இன்று அவற்றின் எண்ணிக்கை 500ஐத் தாண்டியிருக்கிறது. பயிற்சி பெற்றவர்களே இத்தனை கவனம் எடுக்கும் வேலையை, அன்பு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு வீட்டில் செய்துவிட முடியாது. மனிதரைக் கண்டு அஞ்சாத விலங்கு காட்டுக்குத் திரும்பினாலும் ஊரை நோக்கியே வரும். பிறகு அதைத் தொல்லை என்று விரட்டுவதும் நாம்தான்.

கேள்வி: உண்மையிலேயே காயம்பட்ட விலங்கைக் கண்டால் உதவி வரும்வரை என்ன செய்வது?

பதில்: வனத்துறைக்கோ மீட்பு மையத்துக்கோ சொல்லிவிட்டு, கூட்டம் சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள். காட்டு விலங்குக்கு நம் தடவலும் தேற்றும் குரலும் ஆறுதல் அல்ல, மரண பயம். துரத்திப் பிடிக்கப்பட்ட மான், அந்தப் பதற்றத்தாலும் ஓட்டத்தாலும் தசைகள் சிதைந்து, சில மணி நேரமோ சில நாட்களோ கழித்துக்கூட இறந்துபோகலாம். சிறு பறவையானால் காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் வைத்து மூடி, இருட்டான, சத்தமில்லாத இடத்தில் விடுங்கள். உணவு கொடுக்க வேண்டாம். வௌவாலையோ வேறு பாலூட்டியையோ வெறுங்கையால் தொடாதீர்கள். கடியோ கீறலோ பட்டுவிட்டால் சோப்புப் போட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவரிடம் போங்கள். கடியால் தொற்றக்கூடிய வெறிநோயின் (ரேபிஸ்) அறிகுறி தோன்றியபின் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம்.

கேள்வி: காட்டுப் பக்கமே போகாதவர்கள் வீட்டிலிருந்தபடியே எதாவது செய்ய முடியுமா?

பதில்: நிறையச் செய்யலாம். சன்னல் கண்ணாடியில் தெரியும் மரத்தின் நிழலுருவை உண்மை மரமென்று நம்பிப் பறவைகள் வேகமாக மோதிச் சாகின்றன. கண்ணாடியின் வெளிப்புறத்தில் 5 சென்டிமீட்டர் இடைவெளியில் புள்ளிகளோ கோடுகளோ ஒட்டினால் அது பெருமளவு குறையும். உள்பக்கம் ஒட்டினால் பயன் குறைவு. கடலோரத்தில் வசிப்பவர்கள், ஆமைகள் பொரிக்கும் பருவத்தில் கரையைப் பார்த்த விளக்குகளை அணைத்துவிடுங்கள். குஞ்சுகள் வெளிச்சமான திசையையே கடல் என்று நம்பி ஊர்கின்றன. எலிக்கு நஞ்சு வைப்பதையும் விட்டுவிடுங்கள். நஞ்சு தின்ற எலி உடனே சாகாமல் தள்ளாடித் திரியும்போது அதைப் பிடித்துத் தின்னும் ஆந்தைக்குள்ளும் அந்த நஞ்சு சேர்கிறது. எலி நுழையும் துளைகளை அடைத்து, தானியத்தை மூடி வைத்து, அதற்குப் பிறகும் தேவைப்பட்டால் எலிப்பொறி வையுங்கள்.