'பார்க்கலாம்' என்று சொன்னால் நாளைக்கும் போன் வரும்

கோவையில் ஒரு பம்ப் கம்பெனியின் பர்ச்சேஸ் பிரிவில் இருபத்தாறு வருஷம் உட்கார்ந்திருந்தேன். தொழில் ஓடும் காலத்தில் சப்ளையரை நாம்தான் துரத்திக்கொண்டு போக வேண்டும். "ஆறு வாரம் ஆகும் சார்" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார்கள். தொழில் படுத்ததும் அதே ஆட்கள் ஒரு நாளைக்கு மூன்று முறை கூப்பிடுவார்கள். இந்தப் பகுதிக்கு இந்த முறை வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் பாதிக்கு மேல் இந்த விற்பனை போன் தொல்லை பற்றித்தான்.

ஏற்றுமதி பனியன் கம்பெனி ஒன்றில் ரிசப்ஷனில் இருக்கிறேன். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டதிலிருந்து ஆர்டர் குறைந்துவிட்டது, போன் மட்டும் கூடிவிட்டது. சாஃப்ட்வேர், லோன், சோலார் என்று தினமும் பதினைந்து இருபது. முதலாளி யாரையும் இணைக்காதே என்கிறார். கூப்பிடுகிறவர்களோ, "உங்க எம்.டி.தான் கூப்பிடச் சொன்னார், இணைக்கலைன்னா உங்களுக்குத்தான் பிரச்சினை" என்று மிரட்டுகிறார்கள். என்ன செய்வது?
— வாசகி, திருப்பூர்

முதலில் அந்த எம்.டி. கதை. "அப்படியா, அவர் சொல்லியிருந்தா அவரோட மொபைல் நம்பர் உங்ககிட்ட இருக்குமே, அதுலயே கூப்பிட்டுடுங்க" என்று சிரித்தபடி சொல்லுங்கள். நிஜமாகவே பேசியவரிடம் நம்பர் இருக்கும். இல்லாதவர் ஒரு நொடி தடுமாறுவார், அதிலேயே தெரிந்துவிடும்.

அடுத்தது, நீங்கள் மறுக்கும் விதம். பெரும்பாலும் "சார் மீட்டிங்ல இருக்கார்", "அப்புறம் கூப்பிடுங்க", "பார்க்கலாம்" என்றுதான் சொல்லியிருப்பீர்கள். நம் ஊரில் அதுதான் மரியாதையான மறுப்பு. கல்யாண வீட்டில் "வரப் பார்க்கிறேன்" என்றால் வரமாட்டார் என்று எல்லோருக்கும் புரியும். கால் சென்டர் கம்ப்யூட்டருக்கு அது புரியாது. நீங்கள் போனை வைத்ததும் அந்தப் பக்கம் இருக்கிற பெண் அந்த அழைப்பு என்ன ஆனது என்று திரையில் குறித்தாக வேண்டும். போனை எடுக்கவில்லை, ராங் நம்பர், வேண்டாம் என்றார், பிறகு கூப்பிடச் சொன்னார் என்று நாலைந்து பட்டன்கள் இருக்கும். "அப்புறம் கூப்பிடுங்க" என்றால் கடைசி பட்டன். தேதி, நேரம் போட்டு அதை அழுத்திவிட்டால் நாளைக்கு பதினொரு மணிக்கு உங்கள் எண் தானாகவே மேலே வந்து நிற்கும். அந்தப் பெண் லீவு போட்டால் பக்கத்து சீட்டுக்குப் போகும். போனை எடுக்காமல் விட்டாலும் இதே கதைதான், மறுபடி சுற்றுக்கு வரும். ஆக, உங்களுக்கு வருகிற இருபது அழைப்பில் எத்தனையோ நாமே நேரம் கொடுத்து வரவழைத்தவை.

எனவே ஒரே வாக்கியம்: "இது எங்களுக்கு வேண்டாங்க, லிஸ்ட்லேருந்து எடுத்துடுங்க, வச்சிடறேன்." காரணம் சொல்லாதீர்கள். "இப்போ பட்ஜெட் இல்லை" என்றால் தவணைத் திட்டம் வரும். "ஏற்கெனவே வேறொன்று இருக்கு" என்றால் ஒப்பிட்டுக் காட்ட ஆள் வரும். அவர்கள் கையில் இருக்கிற தாளில் ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு பதில் எழுதியிருக்கும். "வேண்டாம்" என்பதற்கு மட்டும்தான் பெரிதாக ஒன்றும் இருக்காது.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. ஆர்டர் இல்லாத நேரத்தில் தெரியாத குரலையெல்லாம் விரட்டினால், அதில் வெளிநாட்டு பிராண்டுகளுக்காகச் சரக்கு வாங்கித் தரும் ஒரு புது பையிங் ஹவுஸும் போய்விடலாம். அதனால் எடுத்ததும் கேளுங்கள்: "எங்களுக்கு விக்கறீங்களா, எங்ககிட்ட வாங்கறீங்களா?" கொஞ்சம் முரட்டுக் கேள்விதான், ஆனால் வேலை செய்யும். கட்டாயம் இணைக்க வேண்டியவர்கள் யார் யார் என்று முதலாளியிடமே எழுதி வாங்கி போனுக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள். பேங்க், ஆடிட்டர், டையிங் (சாயப் பட்டறை), பையர்கள், அவர் வீடு. அதற்குப் பிறகு உங்கள் தலை உருளாது.

மோட்டார் உதிரிபாக கம்பெனியில் பர்ச்சேஸ் பார்க்கிறேன். பன்னிரண்டு வருஷமாகப் பழகிய ஒரு சேல்ஸ் ரெப், "அண்ணா, மாசக் கடைசிங்ணா, ஒரு பி.ஓ. (பர்ச்சேஸ் ஆர்டர்) போட்டு விடுங்க" என்று தினமும் கூப்பிடுகிறார். எங்களுக்கே ஒரு ஷிஃப்ட்தான் ஓடுகிறது. வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லை. எடுக்காமலும் இருக்க முடியவில்லை.
— வாசகர், கோவை

இதே நாற்காலியில் உட்கார்ந்து நானும் தப்பு செய்திருக்கிறேன். 2008 செப்டம்பரில் அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் விழுந்தது. எங்கள் ஷாப் ஃப்ளோரில் அது தெரிய நாலைந்து மாதம் ஆனது. 2009 மார்ச்சில் மூன்று ஷிஃப்ட் ஒன்றாகிவிட்டது. அந்த மாதம் கடைசி வாரம், மெஷின் சூட்டைத் தணிக்கத் தண்ணீரில் கலந்து ஊற்றும் கூலன்ட் ஆயில் விற்கிற கம்பெனிப் பையன் ஒருவன் ஒரு நாளைக்கு நாலு தடவை கூப்பிட்டான். 18 சதவீதம் தள்ளுபடி, எட்டு பேரல் எடுங்கள் சார், வருஷக் கணக்கு முடியுது சார் என்று கெஞ்சல். நல்ல பையன், எங்கள் கேன்டீனில் சாப்பிடுகிறவன். போட்டுவிட்டேன்.

நாங்கள் அப்போது ஓட்டிய ஓட்டத்துக்கு நாலு மாதத்துக்கு ஒரு பேரல்தான் செலவாகும். ஸ்டோர்ஸ்காரர் ஒன்றும் பேசவில்லை. ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி சாக்பீஸால் பேரல் மூடிமேல் ஒரு கோடு போடுவார். நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அந்தக் கோடுகள் கண்ணில் படும். இரண்டாவது மழைக்குப் பிறகு மூடியைச் சுற்றித் துரு வட்டம் வந்தது. திறந்தால் நாற்றம், தண்ணீரோடு கலக்கவே இல்லை. ஐந்து பேரலைக் கழிவு எடுக்கிறவருக்கு நாங்களே காசு கொடுத்து அனுப்பினோம். 18 சதவீதத் தள்ளுபடியின் கணக்கு இதுதான். அந்தப் பையனுக்காவது மார்ச் டார்கெட் முடிந்ததா என்றால், முடிந்தது. ஜூனில் அவனை வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள்.

உங்கள் ரெப்பிடம் உள்ளதை நம்பராகச் சொல்லிவிடுங்கள். "ஸ்டாக் எழுபது நாளைக்கு இருக்கு. அடுத்த இண்டென்ட் (கொள்முதல் கோரிக்கை) இன்ன மாசம் ரெண்டாவது வாரம்தான் வரும். அதுக்கு முன்னாடி கூப்பிட்டா என்கிட்ட பதில் இல்லை. அந்த வாரம் திங்கக்கிழமை நானே கூப்பிடறேன்." சொன்ன திங்கட்கிழமை நிஜமாகவே கூப்பிட வேண்டும், ஆர்டர் இல்லை என்றாலும். நீங்கள் கூப்பிடுவீர்கள் என்று அவருக்கு நம்பிக்கை வந்துவிட்டால் தினசரி போன் நின்றுவிடும். அவரும் தன் மேனேஜரிடம் காட்ட ஒரு தேதி கிடைத்துவிடும். பாதி நேரம் அவருக்கு வேண்டியது அதுதான்.

அப்புறம், அவருடைய பழைய பில் ஏதாவது உங்கள் அக்கவுன்ட்ஸில் தூங்குகிறதா என்று பாருங்கள். ஆர்டர் கேட்கிற போன் என்று நாம் நினைப்பதில் சில, வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்படும் வசூல் போன்கள். சப்ளையர் குறு, சிறு உற்பத்தியாளராக இருந்தால், 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி எழுத்தில் என்ன ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை இழுக்கக் கூடாது. பி.ஓ. போட முடியாத மாதத்தில் பாக்கியையாவது தீர்த்து வையுங்கள்.

சின்ன லேத் பட்டறை வைத்திருக்கிறேன். "உங்களுக்கு 10 லட்சம் அப்ரூவ் ஆயிடுச்சு, வெறும் 12 சதவீதம்" என்று தினமும் போன். முன்பெல்லாம் கட் செய்துவிடுவேன். இப்போது கையில் காசில்லாததால் கேட்கத் தோன்றுகிறது. எடுக்கலாமா?
— வாசகர், அம்பத்தூர்

எடுக்கலாமா என்பதை உங்கள் ஆர்டர் புத்தகத்தை வைத்து ஆடிட்டர்தான் சொல்ல வேண்டும். போனில் முடிவு செய்யக் கூடாது என்பதை மட்டும் நான் சொல்கிறேன்.

அந்த 12 சதவீதம் எந்த 12 என்று கேளுங்கள். ஃபிளாட் ரேட் என்றால் 10 லட்சத்துக்கு மூன்று வருஷத்தில் வட்டி 3,60,000. மாதத் தவணை சுமார் 37,780 ரூபாய். மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வந்தாலும் முழு 10 லட்சத்துக்கும் கடைசி வரை வட்டி கட்டுகிறீர்கள். குறைகிற பாக்கிக்கு மட்டும் வட்டி என்ற கணக்கில் பார்த்தால் அது 21 சதவீதத்தைத் தாண்டும். இதைப் போனில் யாரும் சொல்லமாட்டார்கள், கேட்டால்தான் வரும்.

ரிசர்வ் வங்கி 2024 அக்டோபர் 1 முதல் ஒரு விதி வைத்திருக்கிறது. தனிநபருக்கும் சிறு தொழிலுக்கும் தவணைக் கடன் கொடுக்கிற வங்கியோ நிதி நிறுவனமோ, எல்லாச் செலவையும் சேர்த்து வருடாந்திர சதவீதம் எவ்வளவு என்று ஒரு விவரத்தாளில் எழுதித் தர வேண்டும். தாளில் இல்லாத கட்டணத்தை உங்கள் சம்மதம் இல்லாமல் பிறகு சேர்க்க முடியாது. "கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட் அனுப்புங்க, படிச்சுட்டு நான் கூப்பிடறேன்" என்று சொல்லுங்கள். "இன்னைக்கு ஆறு மணியோட ஆஃபர் முடியுது சார்" என்றால் முடியட்டும். ப்ராசசிங் ஃபீஸை முதலில் ஜிபே பண்ணச் சொன்னால் அது கடனே இல்லை, திருட்டு. பணத்தை அனுப்பிவிட்டீர்கள் என்றால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

விளம்பர அழைப்பு வேண்டாம் என்று டி.என்.டி. பதிவு செய்து இரண்டு வருஷம் ஆகிறது. ஆபீஸ் நம்பருக்கு இன்னும் போன் வருகிறதே?
— வாசகர், ஈரோடு

முறையாகப் பதிவு செய்த கம்பெனிகளைத்தான் டி.என்.டி. நேரடியாகத் தடுக்கும். அவர்களின் விளம்பர அழைப்பு 140 என்று ஆரம்பிக்கிற எண்ணிலிருந்து வர வேண்டும். 1600 என்று தொடங்குவது வங்கி, அரசு போன்றவற்றின் சேவை அழைப்பு. உங்களைத் தொந்தரவு செய்வது அநேகமாக சாதாரண பத்து இலக்க மொபைல் எண்கள். அவற்றைப் புகார் செய்துதான் நிறுத்த முடியும். 1909க்கு அழைத்தோ, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் டி.என்.டி. ஆப் வழியாகவோ செய்யலாம். 2025 பிப்ரவரியில் விதியைத் திருத்தினார்கள். அழைப்பு வந்த 7 நாளுக்குள் புகார் கொடுக்கலாம், முன்பு மூன்றே நாள்தான். பதிவு பெறாத எண் என்றால் டி.என்.டி.யில் இல்லாதவர்கூடப் புகார் செய்யலாம். பத்து நாளில் ஐந்து புகார் சேர்ந்தாலே அந்த எண்மீது நடவடிக்கை எடுக்கலாம் என்றும் மாற்றியிருக்கிறார்கள். எனவே ஒரே எண்ணிலிருந்து ஆபீசில் ஐந்து பேருக்குப் போன் வந்தால், ஐந்து பேரும் தனித்தனியாகப் புகார் போடுங்கள்.

இன்னொன்று: வியாபார இணையதளத்தில் 'நூறு கிலோ வேண்டும்' என்று நம்பர் கொடுத்துக் கேட்டீர்களா? அந்தக் கேள்வியை அவர்கள் பல பேருக்கு விற்கிறார்கள், அதுதான் அவர்கள் தொழில். விலை விசாரிக்க என்று தனி சிம் வைத்துக்கொள்ளுங்கள்.

தொல்லை தாங்காமல் போனில் விசில் ஊதலாமா என்று யோசிக்கிறேன்.
— வாசகர், ஓசூர்

அந்தக் காதும் மாதச் சம்பளக் காதுதான். வேண்டாம்.

மனைவியின் தம்பி இன்சூரன்ஸ் ஏஜென்ட். வேலை நேரத்தில் ஆபீஸ் லேண்ட்லைனுக்கே கூப்பிட்டு பாலிசி போடச் சொல்கிறார்.
— வாசகர், மதுரை

இதற்கு 1909இல் வழியில்லை. ஆபீஸ் போனில் பாலிசி பேச்சை எடுக்காதே, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா என்று சொல்லுங்கள். உங்கள் வீட்டுக்காரம்மாவையும் பக்கத்தில் உட்கார வைத்து, மூன்று பேராகப் பேசுங்கள். தனியாகப் பேசினால் எது சொன்னாலும் அது வேறு மாதிரி அந்த வீட்டுக்குப் போய்ச் சேரும். தெரியாத்தனமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டீர்கள் என்றால், பாலிசி பத்திரம் கைக்கு வந்து 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். சின்னப் பிடித்தம் போக மீதிப் பணம் வந்துவிடும். மச்சானின் முகம் கொஞ்ச நாள் சரியாக இருக்காது.

நான் டெலிகாலர். தொழிற்சாலைகளுக்குப் போன் செய்து சேஃப்டி ஷூ, கையுறை விற்க வேண்டும். ஒரு நாளைக்கு 120 அழைப்பு. பாதிப் பேர் திட்டுகிறார்கள். டார்கெட் குறையவே இல்லை. உங்களைப் போன்ற பர்ச்சேஸ்காரர்கள் எரிந்து விழாமல் இருக்க நான் என்ன செய்ய வேண்டும்?
— வாசகி, சென்னை

இந்தக் கடிதம் வந்ததில் எனக்குச் சந்தோஷம். எங்கள் பக்கத்து உண்மையைச் சொல்கிறேன், அம்மா.

"எப்படி இருக்கீங்க சார்" என்று ஆரம்பிக்காதீர்கள். முன்பின் தெரியாத குரல் நலம் விசாரித்தால் கை தானாக ரிசீவரை வைக்கப் போகும். முதல் வாக்கியத்திலேயே கம்பெனி பெயர், என்ன பொருள் என்று சொல்லிவிடுங்கள். "சேஃப்டி ஷூ எப்போ வாங்குவீங்க?" என்று மாதத்தைக் கேளுங்கள். நிறையக் கம்பெனிகளில் வருஷத்துக்கு ஒரு முறை மொத்தமாக வாங்குகிற சாமான் அது. மாதம் தெரிந்தால் பதினோரு மாதம் அந்த நம்பரை விட்டுவிடலாம், நீங்களும் திட்டு வாங்க வேண்டாம். யாராவது வேண்டாம் என்றால் 'வேண்டாம்' பட்டனையே அழுத்துங்கள். கணக்குக் காட்ட 'பிறகு கூப்பிடச் சொன்னார்' என்று போட்டால், நாளைக்கு அதே மனிதரிடம் திட்டு வாங்கப்போவது நீங்கள்தான்.

காலை பத்து மணிக்கு ப்ரொடக்‌ஷன் மீட்டிங் நடக்கும், அங்கே எங்களையே திட்டிக்கொண்டிருப்பார்கள். மாதம் 28ஆம் தேதிக்கு மேல் கணக்கு முடிக்கிற நேரம். நடு மாதத்தில், சாயங்காலம் நாலு மணிக்கு மேல் கூப்பிட்டுப் பாருங்கள். டீ வந்திருக்கும்.